டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

செயற்கரிய செய்து புகழெய்தினோர் பலர். செயற்கரிய செய்தும் புகழ் எய்தாது மறைந்தோர் சிலர். இப்பிற்கூறிய சிலருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவர். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கின் பெயரை நம் நாட்டுப் பள்ளிச் சிறுவனும் அறிவான். சென்னைப் பட்டணத்தில் நம்மைப் போல் மாணவராயிருந்து, நம்மைப் போல் பரீட்சையில் தவறியும் வருந்தியும், பின்னர் உலகத்தார் உண்ணும் மருந்துகள் பலவற்றை ஆக்குவித்த சுப்பாராவின் பெயரையோ நம்முட் பலர் அறியார். இக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு அவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம். இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது சிறு காகிதம் ஒன்றாகும். அதன் வரலாற்றை உரிய இடத்திற் கூறுதும்.

பிறப்பும் இளமையும்

அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்ததும் இக்காலத்து ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமாகிய பீமவரம் என்னும் ஊரில், 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் பெயர் ஜகந்நாதம். தாயார் பெயர் வெங்கம்மா. தந்தையார் அரசாங்க வருவாய்த் துறையிற் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். நோயினால் அவ்வுத்தியோகத்தையும் முன்னரே விட நேர்ந்தமையின், மக்கள் எழுவரைக் கொண்ட அக்குடும்பத்தில் வறுமை குடிபுகுந்தது.

இளமையிற் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதளவிற் காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடத் துணிந்தார். தாயார் விட்டாரல்லர், மகனை மீட்டு மீண்டும் பள்ளிக்கே அனுப்பினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் இருமுறை தவறினார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்தரப் பள்ளியிற் சேர்ந்து மூன்றாம் முறை தேறினார். பரீட்சை முடிவு வெளிவரும் நாட்களில் நம் விடுதியில் உணவை வெறுத்திருக்கும் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குவாராக.

கல்வி

சென்னை இராசதானிக் கலாசாலையிற் பயிலுங்கால் இராமகிருஷ்ண மடத்தாரின் தொடர்பு அவருக்கு உண்டாயிற்று. துறவு பூணவே அவர் விரும்பினார், தாயார் உடன்படவில்லை. மருத்துவம் பயின்று நோயாளர்க்குத் தொண்டு செய்யலாம் என்று பெரியோர் வழிகாட்டினர். அதன்படி 1915-ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். கல்விச் செலவிற்கு மாமனார் பெரிதும் துணைபுரிந்தார்.

அக்காலம் காந்தியடிகளின் கதர் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் அறுவைச் சாலையிலும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியர் இதனைப் பொறுத்தாரில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முழுத் தகுதியாகிய எம்.பி.பி.எஸ். பட்டத்தைப் பெறாது, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தையே அவர் பெற்றார். சென்னை மருத்துவ உத்தியோகமும் கிட்டவில்லை. ஆயினும் அவர் கதரைக் கழற்றவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்.

இக்காலத்து நேர்ந்த துன்பம் ஒன்றே அவருடைய பிற்கால வாழ்வை உருவாக்கியது என்று கொள்ளலாம். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய், அவருடன் பிறந்தார் இருவரைச் சில நாட்களின் இடைவெளியிற் கவர்ந்து சென்றது. உண்ட உணவு உடலிற் சேராது வெளியேற, இரத்தம் வற்றி, மெலிந்து மெலிந்து மாளச் செய்யும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத அறிஞர் டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் மருந்தால் அவர் பிழைத்தார். உடன்பிறந்தாரைக் கொன்றது இன்னதென்று தாம் கற்ற மருத்துவத்தால் உரைக்க இயலாமையே அவர் நெஞ்சில் தைத்த முள்ளாயிற்று.

கடல் கடந்த வாழ்வு

மாமனாரும் ஒரு தரும நிதியும் உதவ, 1920-களின் முற்பகுதியில் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகர் அடைந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். கையிற் பொருளில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்யும் வேலையை இரவில் மேற்கொண்டார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் அப்பணியை இழிவெனக் கருதாது செய்தமை அவருடைய உள்ளப் பான்மையைக் காட்டும். அவர் கடல் கடந்தபின் ஊரிற் பிறந்த ஆண் மகவு கைக்குழந்தையாயிருந்தபோதே இறந்தது. தந்தை தம் மகன் முகத்தைக் கண்டாரில்லை.

பின்னர் சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரோடு உயிர்வேதியியலில் ஆராய்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை அறியும் முறையொன்றை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகத்து ஆய்வுக்கூடங்களில் அது வழங்குவதாயிற்று. தசையின் இயக்கத்திற்கு வேண்டும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இலும், உயிர்களின் ஆற்றற்குக் காசு போன்று புழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இலும் கண்டறிந்து வெளியிட்டனர். பின்னதனை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே கண்டார். இத்துணை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, சிறிது காலத்துள் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

பொன் மருந்து

அடுத்த எட்டாண்டுகள் அவர் வாழ்வின் அறுவடைக் காலமாகும். போலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாய் ஆக்கும் வழியை அவருடைய குழுவினர் 1945-இல் வெளியிட்டனர். ஸ்ப்ரூ நோயாளரின் இரத்தச் சோகையை அது நீக்கிற்று. இன்று கருவுற்ற தாய்மார்க்கு அரசு மருத்துவமனைகளில் வழங்கும் மாத்திரைகளில் அதுவும் உண்டு. அதன் உருவை மாற்றி ஆக்கிய பொருள்களைக் கொண்டே, சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்து 1947-இல் வெளிவந்ததும் அக்கூடத்திலிருந்தே. நம் நாட்டில் வீடுதோறும் வந்து ஊழியர் வழங்கிய மாத்திரை அதுவே.

எனினும் யாம் ஈண்டு விரித்துக் கூற விழைவது ஆரியோமைசின் என்னும் மருந்தைப் பற்றியே. பெனிசிலின் பல கிருமிகளைக் கொன்றதாயினும், குடலில் வாழும் கிருமிகள் பலவற்றின்முன் செயலற்று நின்றது. பல வகைக் கிருமிகளையும் ஒருங்கே அடக்கவல்ல மருந்து ஒன்றனை நாடிச் சுப்பாராவின் கூடத்தார் பற்பல இடங்களினின்று மண்ணைத் தருவித்துச் சோதித்தனர். இத்தேட்டத்தில் ஈடுபட்டவர், வேறோர் சர்வகலாசாலையில் ஓய்வுபெற்று எழுபது வயதைக் கடந்துவிட்ட பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலறிஞர். முதுமை கண்டு ஒதுக்காது அவரைப் பணிகொண்டது அக்கூடம். மிசௌரி சர்வகலாசாலையின் வயலொன்றிலிருந்து வந்த மண்ணில், 1945-இல், பொன்னிறம் காட்டும் நுண்ணுயிர் ஒன்றை டக்கர் கண்டார். அதினின்று பெறப்பட்ட மருந்தும் மஞ்சள் நிறத்ததாகலின், பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஆரியோமைசின் எனப் பெயர் பெற்றது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குலத்திற்கு மூத்த மகவு இதுவே. 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க்கில் அறிஞர் அவையில் இம்மருந்து அறிவிக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. ஸ்ப்ரூ நோயுற்றார்க்கு மருத்துவர் இன்று கொடுக்கும் மருந்துகள் இரண்டு: ஒன்று போலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். இரண்டும் சுப்பாராவின் கூடத்தில் தோன்றிய மரபின. உடன்பிறந்தாரைக் காக்க இயலாத ஒருவர், அவர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து காண்பதற்குக் கால் நூற்றாண்டு உழைத்தார் என்னலாம்.

மறைவு

அவர் புகழை விரும்பியவரல்லர். கூடத்திலிருந்து வெளியான கட்டுரைகளிற் பெரும்பாலும் தம் உடன் உழைத்தோரின் பெயரையே முன்நிறுத்தினார். இறுதிவரை இந்தியராகவே இருந்தார். ஆயினும் ஊர் திரும்பும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மனைவியார் அவரை மீண்டும் கண்டாரில்லை. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், துயிலிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது ஐம்பத்துமூன்று. நூற்றாண்டு விழாவின்போது, 1995-இல், இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டிற் சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றியபோது மக்கள் நாடியதும் டெட்ராசைக்ளின் குலத்து மருந்தையே.

விட்டுச் சென்ற செல்வத்தின் கதை

சரிதம் எழுதுவோர் பெரும்பாலும் மறைவோடு முடித்துவிடுவர். இப்பெரியாரின் வரலாறோ அவ்வாறு முடிவதன்று. அவர் ஈட்டிய செல்வத்திற்குப் பின்னர் நேர்ந்ததும் அவர் வரலாற்றின் பகுதியே.

அவர் மறைந்த ஆண்டின் இறுதியில், அதே கூடத்தைச் சேர்ந்த ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்னும் இருவர், ஆரியோமைசின் வடித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். அவர்கள் நாடியது வேறொரு வைட்டமின். ஆனால் குஞ்சுகள் எதிர்பாராத விரைவில் வளர்ந்தன. மருந்தின் எச்சமே அவ்வளர்ச்சிக்குக் காரணம் எனத் துணிந்தனர். நோயில்லாக் கோழிக்கும் பன்றிக்கும் அன்றாடத் தீவனத்தில் மருந்தைச் சிறிது சிறிதாய்க் கலக்கும் வழக்கம் இதனின்று தோன்றி உலகெங்கும் பரவியது.

சிறு அளவு மருந்தினால் வரும் தீங்கு யாது? கிருமிகள் கோடிக்கணக்கானவை. அவற்றுள் இயல்பாகவே மருந்துக்கு அடங்காதவை ஒன்றிரண்டு இருக்கும். அடங்குவன மாள, அடங்காதன இடம்பெற்றுப் பெருகும். ஒரே பூச்சிமருந்தை ஆண்டாண்டும் தெளித்த பருத்திக் காட்டில் புழுக்கள் அதற்கு அஞ்சாமற் போவதைக் கொங்கு நாட்டு உழவர் நன்கு அறிவர், இதுவும் அஃதே. டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமிகள் பல, கவலை பூட்டிக் கிணற்று நீரை இறைப்பதுபோல், உட்புகும் மருந்தை இறைத்து வெளியேற்றும் கருவியைத் தம்முள் உடையன. பிளெமிங்கும் 1945-இல் நோபல் பரிசு பெற்று நிகழ்த்திய உரையில், குறைந்த அளவில் மருந்துண்பதனால் கிருமிகள் அடங்காவாம் என்று எச்சரித்திருந்தார்.

இதனினும் வியப்பானது ஜப்பானிற் புலனாயிற்று. அந்நாட்டில் 1950-களில், பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றின. மருந்துகளை ஒவ்வொன்றாய் வெல்லக் கற்காது எல்லாவற்றையும் ஒருங்கே வெல்லும் ஆற்றல் எவ்வாறு வந்தது? குடலில் இயல்பாய் வாழும் கோலை என்னும் கிருமி, அவ்வாற்றலைத் தன் இனமல்லாத சீதபேதிக் கிருமிக்குக் கைம்மாற்றாய்க் கொடுக்கிறது என்பதை 1959-இல் அந்நாட்டறிஞர் கண்டனர். பிளாஸ்மிட் என்னும் சிறு வளையமே அவ்வாற்றலைச் சுமந்து செல்வது. நோய் செய்யாது நம் குடலில் வாழும் கிருமியும் நோய்க் கிருமிக்குப் படைக்கலம் வழங்கவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

பாஸ்டனுக்கு அண்மையில் ஒரு கோழிப் பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்னும் அறிஞர் செய்து 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஐயத்தை முற்றும் அகற்றியது. டெட்ராசைக்ளின் குலத்து மருந்து கலந்த தீவனம் உண்ட குஞ்சுகளின் குடற்கிருமிகள் சில நாட்களிலேயே அம்மருந்துக்கு அடங்காவாயின. சில திங்களில், மருந்தே உண்ணாத பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. அண்டை அயலாரிடம் அவ்வாறில்லை. அவை டெட்ராசைக்ளினுக்கு மட்டுமன்றி, அத்தீவனத்திற் கலவாத வேறு மருந்துகளுக்கும் அடங்காதிருந்தன. தீவன மருந்தை நிறுத்தியபின் சில திங்களில் அவை பெரிதும் குறைந்தன என்பது நமக்கு ஆறுதல் தருவது.

நம் நாட்டின் நிலையும் கவலைக்குரியதே. இறுதிப் படைக்கலம் எனத்தக்க கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியம் ஒன்று, புதுதில்லியில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டு நோயாளர் ஒருவரிடம் 2008-இற் காணப்பட்டது. அது நம் நாட்டிற் பரவியிருத்தலைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் 2010-இல் வெளியிட்டனர். இவ்விடரைத் தீர்க்கும் வழிகளைத் தொகுத்து மருத்துவர் பலர் கூடிச் சென்னைப் பிரகடனம் என்பதனை 2012-இல் வகுத்தனர். உணவுக்குரிய கால்நடைகட்கும் கோழிகட்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தைப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு ஜூலையில் தடைசெய்தது. முட்டைக்கு நாமக்கல்லும், கறிக்கோழிக்குப் பல்லடமும் பெயர் பெற்று விளங்கும் நம் கொங்கு நாட்டிற்கு இத்தடை எத்துணை நெருங்கியது என்பதை விரித்துரைக்க வேண்டா.

அக்காகிதம்

இனி முன்னர்க் கூறிய காகிதத்தின் வரலாறு. எம் ஊர் பல்லடத்தை அடுத்துள்ள சிற்றூர். அன்னையைப் பெற்ற எம் அம்மாயிக்குக் கடந்த கோடை விடுமுறையில் நீர்க்கடுப்பும் குளிர்சுரமும் கண்டன. மருத்துவரிடம் செல்லாது, கடையிற் சீட்டின்றி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தவர் யாமே. இரண்டாம் நாள் சுரம் தணிந்தவுடன், பின்னர் உதவும் என்று மிச்சத்தை எடுத்து வைத்தவரும் யாமே. பத்து நாளிற் சுரம் மீண்டது. எஞ்சிய மாத்திரைகளையே கொடுத்தோம். மூன்றாம் முறை மீண்டபோது அம்மாயி தம் பேரப் பிள்ளைகளை அடையாளம் காணாது பிதற்றினார். கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு விரைந்தோம்.

சிறுநீரைச் சோதித்த விவரம் ஒரு காகிதத்தில் வந்தது. கிருமி கோலை என்றிருந்தது. கீழே மருந்துகளின் பெயர்கள் வரிசையாயும், அடங்கும் மருந்துக்கு எதிரே ஓர் எழுத்தும், அடங்காததற்கு எதிரே மற்றோர் எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றின் எதிரே அடங்காமையைக் குறிக்கும் எழுத்தே நின்றது. அவற்றுள் யாம் வாங்கிக் கொடுத்த மருந்தும் ஒன்று, டெட்ராசைக்ளினும் ஒன்று. அம்மாயி அதுவரை எந்த மருத்துவமனையிலும் தங்கியவரல்லர். இக்கிருமி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மருத்துவரை வினவினோம். நீரில் வந்திருக்கலாம், உணவில் வந்திருக்கலாம், வீட்டாரிடமிருந்தே வந்திருக்கலாம், இக்காலத்தில் ஊருக்குள் நலமாய் உலவுவோரின் குடலிலும் இத்தகையன உள்ளன என்று அவர் அமைதியாய் விடையிறுத்தார். நாளும் நரம்பின் வழியாய் ஏற்றிய மருந்தினால் அம்மாயி பிழைத்தார்.

அன்றிரவு விடுதிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். சென்ற ஆண்டு எமக்குச் சளி கண்டபோது வாங்கி உண்டு மிச்சம் வைத்த மாத்திரைகள் அதனுள் இருந்தன. அவற்றிற் சிலவற்றை அறைத் தோழருக்கும் ஈந்திருந்தோம் என்பது நினைவிற்கு வந்து நாணினோம். தீவனத்தில் மருந்து கலப்பாரைக் குறை கூறும் தகுதி எமக்கு ஏது? அப்பெயர்ப் பட்டியலில் டெட்ராசைக்ளின் என்று கண்டதனாலேயே அதனை ஆக்கியவர் யாவர் என்று தேடப் புகுந்தோம். சுப்பாராவின் சரிதம் கிடைத்தது.

முடிவுரை

வறுமையிலும் தோல்வியிலும் தளராமை, இழிதொழில் என்று ஒன்றனையும் வெறாமை, புகழை உடன் உழைத்தார்க்கு விட்டுக்கொடுத்தல் என்னும் இவை சுப்பாராவினிடத்து நாம் கற்கத்தக்க குணங்கள். இவற்றை மெச்சி விழா எடுத்தல் எளிது. அவர் ஈட்டித் தந்ததைக் காத்தலே அரிது. ஒருவர் தேடிய பொருளை மற்றொருவர் செலவிட்டால் செலவிட்டவரே வறியராவர். மருந்தின் ஆற்றலை ஒருவர் வீணாக்கினாலோ ஊரார் அனைவரும் வறியராவர்.

ஆதலின் நண்பர்காள்! சளிக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் கிருமிகொல்லி மருந்தைக் கடையிற் கேட்டு வாங்காதிருப்போம். மருத்துவர் குறித்த மருந்தை, அவர் குறித்த அளவும் நாளும் தவறாது உண்போம். எஞ்சியதைப் பிறர்க்கு ஈவது ஈகையன்று என்று உணர்வோம். கழிப்பிடம் சென்று வந்தபின்னும் உண்ணுமுன்னும் கை கழுவுதலைச் சிறு செயல் என்று இகழாதிருப்போம். கோழி வளர்க்கும் குடும்பத்தினர் நம்முட் பலராதலின், தீவனத்தில் என்ன கலக்கப்படுகிறது என்று வீட்டில் வினவுவோம். எம் பெட்டியில் இப்போது மிச்ச மாத்திரைகள் இல்லை. அக்காகிதம் மட்டும் மடித்து வைக்கப்பட்டுள்ளது.